படத்தைக் காட்டக் கூச்சமா? தாகூருக்கும் இருந்தது!

சில வீடுகளில் டிரங்குப் பெட்டியைத் திறந்தால், புடவைகளுக்கு அடியில் ஒரு காகிதக் கட்டு இருக்கும்.

பிரித்துப் பார்த்தால், எல்லாம் படங்கள்! ஆற்றங்கரை, கோவில் கோபுரம், மாட்டு வண்டி, முற்றத்தில் பூத்த செம்பருத்தி. எல்லாம் நீர் வண்ணத்தில் தீட்டிய படங்கள்.

"யார் வரைந்தது?" என்று கேட்டால் போதும். வரைந்தவருக்கு முகம் சிவந்துவிடும்.

"சும்மா, பொழுது போகாமல் கிறுக்கியது" என்று சொல்லுவார். வெடுக்கென்று பிடுங்கி, மறுபடியும் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்.

வரையக் கை வருகிறது. காட்ட மனம் வரவில்லை!

இது ஏதோ நம் வீட்டு அக்காவுக்கும் அண்ணனுக்கும் மட்டும் உள்ள கூச்சம் அல்ல. உலகம் எல்லாம் போற்றிய ஒரு மகாகவிக்கும் இந்தக் கூச்சம் இருந்தது. நோபல் பரிசு வாங்கிய பிறகும் இருந்தது. தலை நரைத்த பிறகும் இருந்தது.

அவர்தான் ரவீந்திரநாத் தாகூர்!

அவர் எப்படித் தயங்கினார்? எப்படி அந்தத் தயக்கத்தைத் தாண்டினார்? அந்தக் கதையைப் பார்ப்போம்.

நீர் வண்ணத்துக்கு ஏன் அச்சம்?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற வண்ணங்களைவிட, நீர் வண்ணம் கொஞ்சம் பொல்லாதது.

எண்ணெய் வண்ணத்தில் தவறு செய்தால், காய்ந்த பிறகு அதன் மேலேயே இன்னொரு பூச்சுப் பூசி மறைத்துவிடலாம். பென்சில் கோடு தவறினால் ரப்பரால் அழிக்கலாம்.

நீர் வண்ணம் அப்படி அல்ல. அது கண்ணாடி போல ஒளி ஊடுருவும் வண்ணம். அடியில் உள்ள கோடு மேலே தெரியும். காகிதத்தின் வெள்ளைதான் படத்தின் வெளிச்சம். அந்த வெள்ளையை ஒரு முறை கெடுத்துவிட்டால், திரும்பப் பெறுவது கடினம்.

ஈரமாக இருக்கும்போது பளிச்சென்று தெரியும் நிறம், காய்ந்ததும் சற்று வெளிறிப் போகும். தண்ணீர் கூடினால் வண்ணம் ஓடிவிடும். குறைந்தால் திட்டுத் திட்டாக நின்றுவிடும்.

ஆகவே, வரைந்தவருடைய கண்ணுக்குப் படம் தெரியாது. பிழைதான் தெரியும்! இங்கே ஒரு சொட்டு ஓடிவிட்டது, அங்கே ஒரு விளிம்பு கறுத்துவிட்டது என்று மனம் கணக்குப் போடும்.

பார்க்க வருகிறவருக்கோ அந்தக் கணக்குத் தெரியாது. அவர் பார்ப்பது ஆற்றையும் கரையையும்தான்.

கலைஞர்கள் நிறைந்த வீடு

தாகூர் 1861-ம் ஆண்டு மே மாதம் கல்கத்தாவில், ஜோராசங்கோ என்ற இடத்தில் பிறந்தார். அது பெரிய மாளிகை. அந்த வீட்டில் பாட்டுக்குப் பஞ்சம் இல்லை. நாடகத்துக்குப் பஞ்சம் இல்லை. படத்துக்கும் பஞ்சம் இல்லை!

பள்ளிக்கூடம் விட்டு வந்தால், வீட்டில் சித்திர வாத்தியார் காத்திருப்பார். அண்ணன் ஜோதிரிந்திரநாத், எதிரே இருப்பவரின் முகத்தைப் பென்சிலால் அப்படியே தீட்டிவிடுவார்.

பின்னால் வளர்ந்த உறவுப் பிள்ளைகளோ இன்னும் கெட்டிக்காரர்கள். அண்ணன் மகன் முறையான ககனேந்திரநாத்தும் அபனீந்திரநாத்தும் இந்தியாவிலேயே பேர் பெற்ற ஓவியர்கள் ஆனார்கள். அபனீந்திரநாத்தின் மாணவர்தான் நந்தலால் போஸ். தாகூர் சாந்தி நிகேதனில் தொடங்கிய கலா பவனம் என்னும் ஓவியக் கல்லூரியை நடத்தியவர் அவர்.

இப்படி வீட்டைச் சுற்றிலும் வித்துவான்கள்! அவர்களுக்கு நடுவில் ஒருவர், "நானும் வரைந்திருக்கிறேன், பாருங்கள்" என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

தாகூருக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. ஆசை மட்டும் இருந்தது.

1893-ம் ஆண்டில், தம் அண்ணன் மகள் இந்திரா தேவிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். ஓவியக் கலையைக் கைக்கு எட்டாத காதலியைப் பார்ப்பதுபோல ஏக்கத்துடன் பார்க்கிறேன், ஆனால் அதைத் தேடிப் போகும் வயது கடந்துவிட்டது என்ற கருத்தில் அதில் வருந்தி இருந்தார்.

அப்போது அவருக்கு என்ன வயது? 32 தான்! 32 வயதிலேயே, "எனக்கு வயதாகிவிட்டது" என்று நினைத்துவிட்டார்!

1900-ம் ஆண்டில், விஞ்ஞானி ஜகதீச சந்திர போசுக்கு இன்னொரு கடிதம் எழுதினார். படம் வரையும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று அதில் சொன்னார். உடனே, இந்தப் படங்கள் பாரிஸ் நகரத்துக் கண்காட்சிக்குப் போகக் கூடியவை அல்ல என்று தம்மையே கேலியும் செய்துகொண்டார். அழகில்லாத பிள்ளை மீது தாய்க்குப் பாசம் அதிகம். அதுபோல, தமக்குச் சரியாக வராத கலை மீது தமக்கு ஆசை அதிகம் என்றும் எழுதினார்.

பாரிஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்!

அதற்குப் பிறகு அவர் கவிதை எழுதினார். கதை எழுதினார். பாட்டு இயற்றினார். பள்ளிக்கூடம் நடத்தினார். 1913-ம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். ஐரோப்பியர் அல்லாத ஒருவர் அந்தப் பரிசைப் பெற்றது அதுதான் முதல் தடவை.

படம் மட்டும் மூலையில் கிடந்தது.

அடித்த வரிகள் பறவை ஆயின!

கவிதை எழுதுகிறவர்கள் எழுதுவார்கள், அடிப்பார்கள், மறுபடி எழுதுவார்கள். தாகூரும் அப்படித்தான்.

ஆனால் அடித்த இடம் அசிங்கமாக இருப்பது அவருக்குப் பிடிக்காது. பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் அடித்தல்களைக் கோடு இழுத்து ஒன்றோடு ஒன்று சேர்ப்பார். அந்தக் கோடு வளையும், நெளியும். பார்த்தால் ஒரு பறவையின் கழுத்து! இன்னும் கொஞ்சம் இழுத்தால் ஒரு விநோத மிருகத்தின் வால்!

வேண்டாம் என்று தள்ளிய சொற்களில் இருந்து உருவங்கள் எழுந்து வந்தன.

1924-ம் ஆண்டில் தாகூர் தென் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பெரு நாட்டின் விடுதலை நூற்றாண்டு விழாவுக்குப் போவதாக ஏற்பாடு. வழியில் உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. அர்ஜென்டினா நாட்டில் தங்க நேர்ந்தது.

அங்கே அவரைத் தங்க வைத்து உபசரித்தவர் விக்டோரியா ஒகாம்போ என்ற பெண்மணி. அவருக்கு அப்போது வயது 34. எழுதும் வல்லமை உள்ளவர். தாகூரின் நூல்களைப் படித்து அவர் மீது பெருமதிப்புக் கொண்டவர். புவனோஸ் அயர்ஸ் நகரத்துக்கு அருகில், சான் இசித்ரோ என்ற ஊரில், ஆற்றைப் பார்த்த ஒரு மாளிகையில் தாகூர் தங்கினார். ஏறத்தாழ இரண்டு மாதம் அங்கே இருந்தார்.

அங்கு அவர் எழுதிய கவிதைகள் பின்னர் 'பூரபி' என்ற நூலாக வந்தன. அந்த நூலை ஒகாம்போவுக்கே காணிக்கை ஆக்கினார். அவருக்கு 'விஜயா' என்று பெயரும் சூட்டினார். விக்டோரியா என்றாலும் வெற்றிதான், விஜயா என்றாலும் வெற்றிதான்!

ஒரு நாள் ஒகாம்போ அந்தக் கவிதை நோட்டைப் பார்த்தார். வங்காள எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அடித்தல்களில் இருந்து முளைத்த உருவங்கள் அவர் கண்ணைப் பிடித்து இழுத்தன. சில பக்கங்களைப் போட்டோ எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு வாங்கினார்.

தாகூருக்கு அது விளையாட்டு. ஒகாம்போவுக்கு அது சித்திரம்.

நம் கையில் இருப்பதை நாமே அறியாத சமயம் உண்டு. அப்போது அதைப் பார்த்துச் சொல்ல இன்னொரு கண் வேண்டும். தாகூருக்கு அந்தக் கண் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 63!

மடை திறந்த வெள்ளம்

சில ஆண்டுகள் சென்றன. 1928-ம் ஆண்டு வாக்கில், நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் இருந்து படம் தனிக் காகிதத்துக்கு வந்துவிட்டது. பிறகு நிற்கவே இல்லை. மடை திறந்த வெள்ளம்தான்!

பறவை, மிருகம், மரங்கள் அடர்ந்த மாலை நேரம், முக்காடு இட்ட பெண், சோகமான நீள முகங்கள். பெரும்பாலும் ஒரே அமர்வில் ஒரு படத்தை முடித்துவிடுவார்.

வண்ண மையைப் பயன்படுத்தினார். நீர் வண்ணத்தைப் பயன்படுத்தினார். தூரிகைதான் வேண்டும் என்று காத்திருக்கமாட்டார். பேனாவாலும் தீட்டுவார். துணித் துண்டை வண்ணத்தில் தோய்த்துத் தேய்ப்பார். விரலாலும் பூசுவார்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. தாகூருக்கு நிறம் பார்ப்பதில் ஒரு குறை இருந்தது! சிவப்பும் பச்சையும் மற்றவர்களுக்குத் தெரிவதுபோல அவருக்குத் தெளிவாகப் பிரிந்து தெரியவில்லை. அவருடைய ஓவியங்களை ஆராய்ந்த பிற்கால அறிஞர்கள் இதை எடுத்துக் காட்டி இருக்கிறார்கள்.

பயிற்சி இல்லை. வயதும் இல்லை. நிறம் பார்க்கும் கண்ணிலும் குறை.

படத்தைப் பெட்டியில் பூட்டி வைக்க ஒருவருக்கு இதைவிட வேறு என்ன காரணம் வேண்டும்?

ஆனாலும் அவர் வரைந்துகொண்டே இருந்தார். காட்டுவதா, வேண்டாமா என்பதை வரைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது போல வரைந்தார்.

400 படங்களும் ஒரு கடிதமும்

1930-ம் ஆண்டில் தாகூர் மறுபடியும் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்தில் சொற்பொழிவு ஆற்ற அழைப்பு வந்திருந்தது. உலகத்துக்குத் தெரிந்த காரணம் அது.

ஆனால் பெட்டிக்குள் இன்னொரு காரணம் இருந்தது. சுமார் 400 படங்களை அவர் கையோடு கொண்டு போனார்!

பிரான்சு நாட்டின் தென்கடற்கரையில் இறங்கித் தங்கினார். அங்கிருந்து, லண்டனில் இருந்த வில்லியம் ரோதன்ஸ்டைன் என்ற ஓவியருக்கு மார்ச் மாதத்தில் ஒரு கடிதம் எழுதினார். ரோதன்ஸ்டைன் பழைய நண்பர். கீதாஞ்சலியின் ஆங்கில நூலை அவருக்குத்தான் தாகூர் காணிக்கை ஆக்கி இருந்தார்.

அந்தக் கடிதம் படிக்க வேண்டிய கடிதம். அதன் சாரம் இது:

படம் போடும் பைத்தியம் தம்மைப் பிடித்துக்கொண்டது என்று தாகூர் சொன்னார். தம்மைச் சேர்ந்த ஓவியர்கள் பாராட்டியதை, அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஜப்பானிய ஓவியர் ஒருவர் பாராட்டினார். ஆசிரமத்துக்கு வந்த ஐரோப்பிய ஓவியர்களும் பாரிசிலும் பெர்லினிலும் கண்காட்சி வைக்கும்படி வற்புறுத்தினார்கள். அதனால்தான் படங்களை எடுத்து வந்தார். ஆனாலும் ஐயம் இன்னும் தீரவில்லை, உங்கள் யோசனை வேண்டும் என்று கேட்டார். தம்முடைய விரல்கள் பயிற்சி இல்லாதவை என்றும் ஒளிக்காமல் எழுதினார்.

எழுதியவர் யார்? பல நாடுகளிலும் பெருங்கூட்டம் கூடி வரவேற்ற மனிதர்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீட்டார் பாராட்டினால் நாம் என்ன சொல்லுகிறோம்? "நீங்கள் என் மேல் உள்ள அன்பினால் சொல்லுகிறீர்கள்" என்கிறோம். தாகூரும் அப்படித்தான் நினைத்தார். அது இயற்கை.

அதற்காக அவர் பெட்டியைப் பூட்டிவிடவில்லை. வேறு ஒருவரிடம் கேட்டார். தொழில் தெரிந்தவரிடம் கேட்டார். தமக்கு ஐயம் இருக்கிறது என்பதையும் சொல்லியே கேட்டார்.

ஐயம் தீர்ந்த பிறகு படத்தை எடுத்துப் போகலாம் என்று அவர் காத்திருந்தால், அந்த 400 படங்களும் சாந்தி நிகேதனிலேயே இருந்திருக்கும். ஐயத்தையும் படத்தையும் ஒரே பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்!

பாரிஸ் நகரத்தில்

அப்போது பிரான்சில் இருந்தார் ஒகாம்போ. தாகூர் செய்தி அனுப்பியதும் ஓடி வந்தார். படங்களைப் பார்த்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் நோட்டுப் புத்தகத்தில் பார்த்த சின்னக் கோடுகள், நூற்றுக்கணக்கான ஓவியங்களாக வளர்ந்து நிற்பதைக் கண்டார்.

பாரிசில் கண்காட்சி வைப்பது லேசான காரியம் அல்ல. நல்ல கூடம் கிடைக்க ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஒகாம்போ மலைத்து நிற்கவில்லை. அலைந்தார், நண்பர்களைப் பிடித்தார், சில வாரங்களில் பிகால் கலைக் கூடத்தை ஏற்பாடு செய்துவிட்டார்.

1930 மே மாதத் தொடக்கத்தில் கண்காட்சி திறக்கப்பட்டது. சுமார் 125 படங்கள் வைக்கப்பட்டன. பிரெஞ்சுக் கவிஞர் நோவாய் சீமாட்டி முன்னுரை எழுதினார்.

69 வயது நிறைய இன்னும் சில நாட்களே இருந்தன. அப்போதுதான் தாகூரின் ஓவியங்களுக்கு முதல் கண்காட்சி!

அதுவும் எங்கே? முப்பது ஆண்டுகளுக்கு முன், "என் படம் அங்கெல்லாம் போகாது" என்ற பொருளில் கேலி செய்துகொண்டாரே, அதே பாரிசில்!

அதோடு நிற்கவில்லை. பர்மிங்காம், லண்டன், பெர்லின், டிரெஸ்டன், மியூனிக், கோபன்ஹேகன், ஜெனீவா, மாஸ்கோ, பிறகு அமெரிக்காவில் பாஸ்டன், நியூயார்க். ஓர் ஆண்டுக்குள் அந்தப் படங்கள் பாதி உலகத்தைச் சுற்றிவிட்டன.

எல்லாரும் புகழ்ந்தார்களா?

இல்லை!

ஜெர்மனியில் நல்ல வரவேற்பு. பெர்லினில் உள்ள தேசிய ஓவியக் கூடத்தில் ஐந்து படங்கள் சேர்க்கப்பட்டன. இங்கிலாந்தில் அவ்வளவு உற்சாகம் இல்லை.

நம் நாட்டில்? 1931 டிசம்பரில், தாகூரின் 70-வது ஆண்டு விழாவை ஒட்டி, கல்கத்தா டவுன் ஹாலில் படங்கள் வைக்கப்பட்டன. 1932-ல் கல்கத்தா அரசாங்க ஓவியப் பள்ளியிலும் கண்காட்சி நடந்தது. பார்த்தவர்களில் பலருக்கு வியப்பு. பலருக்குக் குழப்பம். கிருஷ்ணனும் ராதையும் எங்கே, அழகான முகம் எங்கே என்று தேடியவர்களுக்கு, விநோத மிருகங்களும் சோக முகங்களும் கிடைத்தன.

"இது என்ன படம்?" என்று கேட்டவர்களுக்கு அவர் விளக்கம் சொல்லவில்லை. படங்களுக்குப் பெயர்கூட வைக்க விரும்பவில்லை. படம் காட்டும், விளக்கம் சொல்லாது என்பது அவர் கொள்கை.

சோதனை இன்னும் இருந்தது. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி வந்தது. புதுமுறை ஓவியங்களை எல்லாம் "சீரழிந்த கலை" என்று அந்த ஆட்சி ஒதுக்கியது. 1937-ம் ஆண்டில் பெர்லின் கூடத்தில் இருந்து தாகூரின் படங்களும் அகற்றப்பட்டன.

தாகூர் வரைவதை நிறுத்தினாரா? இல்லை. 1941 ஆகஸ்டு 7-ந் தேதி அவர் மறைந்தார். அதற்குள் 2,000-க்கு மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டி இருந்தார். அத்தனையும் பெரும்பாலும் கடைசிப் பதின்மூன்று ஆண்டுகளில் தீட்டியவை!

இன்று அவை நம் நாட்டின் கலைச் செல்வம். வெளிநாட்டுக்கு விற்றுக் கொண்டுபோகச் சட்டம் அனுமதிப்பது இல்லை. இங்கிலாந்தில் ஓர் அறக்கட்டளையிடம் இருந்த அவருடைய 12 ஓவியங்கள் 2010-ம் ஆண்டில் லண்டனில் ஏலம் விடப்பட்டன. கிடைத்த தொகை சுமார் 16 லட்சம் பவுன்!

பணத்துக்காக இதைச் சொல்லவில்லை. பெட்டியில் இருந்து வெளியே வராமல் போயிருந்தால், அந்த 12 படங்களையும் யார் கண்டிருப்பார்கள்?

தோல்வி கண்ட ஒருவர்

காட்டினால் எல்லாருக்கும் வெற்றிதான் என்று சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் அது பொய்.

வில்லியம் பிளேக் என்று ஒருவர் லண்டனில் வாழ்ந்தார். கவிஞர், ஓவியர், செதுக்குச் சித்திரக்காரர். நீர் வண்ணத்தில் கைதேர்ந்தவர். 1809-ம் ஆண்டில் தாமே ஒரு கண்காட்சி வைத்தார். பெரிய கூடம் கிடைக்கவில்லை. காலுறை விற்கும் தம் அண்ணன் கடையின் மாடியில் 16 படங்களை மாட்டினார்.

கூட்டம் வரவில்லை. ஒரு படமும் விற்கவில்லை. ஒரே ஒரு பத்திரிகை எழுதியது. அதுவும் அவரைப் பைத்தியம் என்று எழுதியது!

பிளேக் நொந்து போனார். மறுபடியும் அப்படி ஒரு கண்காட்சியை அவர் வைக்கவே இல்லை. ஆனால் வரைவதை விடவில்லை. 1827-ல் இறக்கும் வரை வரைந்தார். கடைசி நாட்களில் இத்தாலியக் கவி தாந்தேயின் காவியத்துக்கு நீர் வண்ணப் படங்கள் தீட்டிக்கொண்டிருந்தார். அவற்றை வரையச் சொன்னவர் ஒரு நண்பர்.

200 ஆண்டு சென்றது. 2009-ல் லண்டன் டேட் கலைக் கூடம், பிளேக்கின் அந்த 1809 கண்காட்சியை, கிடைத்த படங்களைக் கொண்டு மறுபடியும் நடத்தியது. அதே படங்களைப் பார்க்க மக்கள் வந்தார்கள்.

பிளேக் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. இது வருத்தம்தான். ஆகவே, காட்டுவதற்கும் புகழுக்கும் முடிச்சுப் போடக் கூடாது. புகழ் வரலாம், வராமலும் போகலாம். வரைந்ததைக் காட்டுவது வேறு, கைத்தட்டல் வாங்குவது வேறு.

ஒரு சிறுவனுக்கு ஒரு கடிதம்

அப்படியானால் எங்கே தொடங்குவது? எடுத்த எடுப்பில் மண்டபம் பிடிக்க வேண்டுமா?

வேண்டாம். ஒருவர் போதும்!

இங்கிலாந்தில் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற பெண், சிறு வயதில் இருந்தே முயலையும் காளானையும் பூவையும் நீர் வண்ணத்தில் தீட்டி வந்தார். கூச்சம் உள்ளவர். 1893-ம் ஆண்டில், தம்முடைய பழைய ஆசிரியையின் மகன் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தான். அவனுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஆகவே நான்கு முயல் குட்டிகளின் கதையைப் படம் போட்டு எழுதி அனுப்பினார்.

பார்த்தவன் ஒரே ஒரு சிறுவன்!

அந்தக் கதையைப் பின்னால் புத்தகமாக்க நினைத்தார். பல பதிப்பாளர்கள் வேண்டாம் என்றார்கள். 1901 டிசம்பரில் சொந்தப் பணத்தில் 250 பிரதி அச்சிட்டார். மறு ஆண்டு ஒரு பதிப்பகம், நீர் வண்ணப் படங்களோடு அதை வெளியிட்டது. 'பீட்டர் முயலின் கதை' என்ற அந்தச் சின்னப் புத்தகம் உலகத்துக் குழந்தைகள் கையில் எல்லாம் போய்ச் சேர்ந்தது.

ஒரு சிறுவன், பிறகு 250 பேர், பிறகு உலகம். படிப்படியாகத்தான் ஏறினார்.

நீங்கள் செய்யக் கூடியது

இந்த மூன்று பேர் கதையில் இருந்து நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளக் கூடிய வழிகள் சில உண்டு.

1. படம் முடிந்த உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். நன்றாகக் காயட்டும். ஒரு நாள் கழித்து, சுவரில் சாய்த்து, நாலடி தள்ளி நின்று பாருங்கள். கிட்டத்தில் பிழையாகத் தெரிந்த பல, தூரத்தில் நிழலாகவும் அலையாகவும் தெரியும்.

2. முதலில் ஒருவரிடம் காட்டுங்கள். கேலி செய்கிறவரிடம் வேண்டாம். எதைக் காட்டினாலும் "அபாரம்" என்கிறவரிடமும் வேண்டாம். உண்மையைப் பொறுமையோடு சொல்லுகிறவரைத் தேடுங்கள். பள்ளிக்கூடச் சித்திர ஆசிரியர் இருந்தால் மிகவும் நல்லது.

3. "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரு சொல்லில் பதில் வந்துவிடும். "இதில் உங்கள் கண் முதலில் எங்கே போகிறது?" என்று கேளுங்கள். "எந்த இடம் புரியவில்லை?" என்று கேளுங்கள். அந்தப் பதில் அடுத்த படத்துக்கு உதவும்.

4. காட்டும்போது மன்னிப்புக் கேட்காதீர்கள். "சும்மா கிறுக்கினேன்", "கை சரியாக வரவில்லை" என்று நீங்களே முன்னுரை சொன்னால், பார்க்கிறவர் படத்தைப் பார்க்கமாட்டார். உங்கள் குறையைத் தேடுவார். படத்தைக் கையில் கொடுத்துவிட்டு, வாய் மூடி இருங்கள்.

5. பத்துப் படத்தில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை அட்டை வைத்து ஒட்டினால், படம் தனி அழகு பெறும். வெயில் படும் இடத்தில் மாட்ட வேண்டாம். நீர் வண்ணம் வெயிலில் வெளுத்துவிடும்.

6. ஒருவர் குறை சொன்னால், ஒரு நாள் பொறுங்கள். அது படத்தைப் பற்றிய குறையா, உங்களைப் பற்றிய குறையா என்று பாருங்கள். படத்தைப் பற்றியது என்றால் பயன்படும். உங்களைப் பற்றியது என்றால் காற்றில் விடுங்கள்.

7. காட்டிய கையோடு, அடுத்த படத்தைத் தொடங்கிவிடுங்கள். புகழ் வந்தாலும் இகழ் வந்தாலும், கை ஓயாமல் இருந்தால் மனம் ஆடாது.

வீட்டாருக்கு ஒரு சொல்

கடைசியாக, வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ஒரு சொல்.

அம்மாவோ, தாத்தாவோ, பத்து வயதுப் பெண்ணோ, தயங்கித் தயங்கி ஒரு காகிதத்தை உங்கள் முன் நீட்டினால், கையில் உள்ள வேலையைக் கீழே வையுங்கள். வாங்கிப் பாருங்கள். நிதானமாகப் பாருங்கள். "இந்த மரத்தின் நிழல் எனக்குப் பிடித்திருக்கிறது" என்று, ஏதேனும் ஓர் இடத்தைச் சுட்டிச் சொல்லுங்கள்.

"இந்த வயதில் இது எதற்கு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

சான் இசித்ரோவில் அந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய பெண், அப்படிக் கேட்கவில்லை. போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்றுதான் கேட்டார்.